சிக்காகோ நகரத்து யங் அம்மையார்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிச்சிகன் என்னும் பேரேரியின் தென்மேற்குக் கரையிலே சிக்காகோ என்னும் மாநகரம் அமைந்துள்ளது. 1909ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்நகரத்துக் கல்விச் சபையார், தம் பொதுப் பள்ளிகள் அனைத்திற்கும் மேலதிகாரியாக 64 வயதுடைய கைம்பெண் ஒருவரைத் தெரிந்தெடுத்தனர். ஏறத்தாழ மூன்று இலட்சம் மாணாக்கரும் ஆறாயிரம் ஆசிரியரும் அவர் ஆட்சியின்கீழ் வந்தனர். அவருக்கு வகுத்த ஆண்டு ஊதியம் 10,000 டாலர். அத்துணைப் பெரிய நகரமொன்றின் கல்வித் துறையை அந்நாட்டில் அதற்கு முன் எந்தப் பெண்மணியும் ஆண்டதில்லை. அவர் பெயர் எல்லா பிளாக் யங். எல்லா என்பது பெற்றோர் இட்ட பெயர். பிளாக் என்பது தந்தை வழிக் குடிப்பெயர். யங் என்பது கணவர் வழி வந்தது.

கல்வித் துறையின் வரலாற்றை எழுதுவோர் அம்மையாரைப் பெரும்பாலும் அப்பதவியைக் கொண்டே நினைக்கின்றனர். யாம் இங்கு அவரை நினைப்பது வேறொரு காரணம் பற்றி. பொதுப் பள்ளியிலே ஆண் பெண் உடலியல்பையும் பிள்ளைப்பேற்றின் இயல்பையும் கற்பிக்கலாமா, கூடாதா என்னும் வழக்கு இன்றளவும் பல நாடுகளில் தீர்ந்தபாடில்லை. அமெரிக்கப் பெருநகரங்களுள் முதன்முதலாக அவ்வழக்கு ஓர் ஊரின் பள்ளிகளுக்குள்ளே புகுந்தது 1913ஆம் ஆண்டிலே, யங் அம்மையார் கையால். அதன் முடிவு அவருக்கு வெற்றியா தோல்வியா என்பதை ஒரு சொல்லில் கூறுதல் அரிது.

அம்மையார் 1845ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15ஆம் நாள் நியூயார்க்கு மாகாணத்துப் பபலோ நகரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காத்லாந்து வழியினர். பிரஸ்பிட்டேரியன் சபையைச் சார்ந்தவர். தந்தையார் உலோகத் தகடு வேலையில் கைதேர்ந்த தொழிலாளி. குழந்தை மெலிந்த உடலினளாய் இருந்தமையின் அன்னையார் அவளைப் பள்ளிக்கு அனுப்பாமல், வெயிலும் காற்றும் படத் தோட்டத்திலே வளர்த்தார். எழுத்தறியாத நிலையிலேயே எட்டொன்பது வயது கழிந்தது. பின்னர் ஒரு பள்ளிக்கூடம் தீப்பற்றி எரிந்த செய்தியை யாரோ படிக்கக் கேட்டு, அதனை மனப்பாடமாக்கி, அச்சிட்ட தாளோடு ஒப்பிட்டுத் தானே படிக்கக் கற்றுக்கொண்டாள் என்பர். பிற்காலத்தில் மூன்று இலட்சம் பிள்ளைகளின் கல்விக்குத் தலைவியானவர் தம் முதற்பாடத்தை எந்த ஆசிரியரிடமும் பெறவில்லை.

குடும்பம் 1858ஆம் ஆண்டளவில் சிக்காகோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே உயர்தரப் பள்ளியிற் சேர விரும்பினால் நகரத்துக் கீழ்ப்பள்ளி ஒன்றில் ஓராண்டு படித்திருத்தல் வேண்டும் என்பது விதி. முன்னரே அறிந்த பாடங்களை மீண்டும் கேட்கச் சலித்த சிறுமி பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். 15ஆம் வயதில் தோழி ஒருத்தி ஆசிரியர் தேர்வுக்கு அழைத்துச் செல்ல, விளையாட்டுப்போல் எழுதித் தேறினாள். வேலை கொடுத்தற்கு வயது போதாமையால் அதிகாரிகள் நார்மல் பாடசாலையிற் சேருமாறு கூறினர். அப்போது அன்னையார் தடுத்தார். தம் மகள் அறிவிற் சிறந்தவளே ஆயினும் குழந்தைகளிடத்து இளகும் நெஞ்சம் அவளுக்கு இல்லை என்பது தாயின் எண்ணம். எனினும் வாளா மறுத்துவிடவில்லை. வகுப்புகள் சிலவற்றை நேரிற் சென்று பார்த்து, அவ்வாழ்வில் மகிழ்ச்சி உண்டா என்று அறிந்துவரச் செய்தார். பெண் சென்றாள், பார்த்தாள், மனம் துணிந்தாள். தாய் மகளுக்கு அளித்த இச்சோதனையைப் பெற்றோர் பலரும் கைக்கொள்ளலாம்.

1862ஆம் ஆண்டில் பயிற்சி முடித்து, 17 வயதிலே ஆசிரியை ஆனார். முதலில் அவரிடம் ஒப்பித்த வகுப்பிலே, நகர்ப்புறத்துப் புல்வெளிகளில் மாடு மேய்த்துத் திரிந்த முரட்டுப் பிள்ளைகள் பலர் இருந்தனர். சிலர் ஆசிரியையினும் உயரமானவர். அவர்களை அம்மையார் அடக்கினார் என்பதினும், அவர்கள் அவர்க்கு அடங்கினர் என்பதே பொருந்தும். மூன்றாண்டுகளுக்குள் ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு வழிகாட்டும் பயிற்சி வகுப்பிற்குத் தலைமை பூண்டார். 1868ஆம் ஆண்டில் வில்லியம் யங் என்னும் வணிகரை மணந்தார். கணவர் உடல்நலங் குன்றி 1873ஆம் ஆண்டில் காலமானார். மக்கட்பேறு இல்லை. அன்னையாரும் முன்னரே மறைந்தமையால், 30 வயது நிரம்புமுன் அம்மையாரின் இல்லம் வெறுமையாயிற்று. அதன்பின் அவருக்குப் பள்ளியே இல்லம்.

1876ஆம் ஆண்டில் தலைமையாசிரியர் தேர்வில் தேறினார். 1887ஆம் ஆண்டில் நகரத்து உதவி மேலதிகாரியாக உயர்ந்தார். பன்னிரண்டு ஆண்டு அப்பதவியில் இருந்து, மேலதிகாரியின் ஆணைப்போக்கைப் பொறாமல் 1899இல் விலகினார். ஐம்பது கடந்த பின்னர்ச் சிக்காகோ சர்வகலாசாலையில் ஜான் டூயி என்னும் தத்துவப் பேராசிரியரின் வகுப்பில் மாணவியாய் அமர்ந்து, 1900ஆம் ஆண்டிலே, தம் 55ஆம் வயதில், டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வகுப்பில் யார் யாருக்கு ஆசிரியர் என்பது ஐயத்துக்கிடமானது. பள்ளியைப் பற்றித் தாம் கற்றவற்றுள் பெரும்பகுதி அம்மையாரிடம் கற்றதே என்று டூயியே ஒப்புக்கொண்டவர்.

அவர் பட்டத்திற்கு எழுதிய ஆராய்ச்சி நூல் பள்ளியில் நிலவும் தனிமையைப் பற்றியது. அதன் கருத்தை இங்குச் சிறிது விரித்தல் வேண்டும். பின்னர் வரும் வரலாற்றிற்கு அது திறவுகோல். பெரிய நகரங்களில் பள்ளி ஓர் ஆலைபோல் ஆகிவிட்டது. மேலே இருப்போர் எண்ணுகின்றனர். கீழே இருப்போர் செய்கின்றனர். என்ன கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது, எந்நாளில் எப்பக்கம் முடிப்பது என்பன எல்லாம் ஆசிரியரைக் கேளாமலே தீர்மானமாகின்றன. தன் எண்ணத்திற்கு இடமில்லாத ஆசிரியர் பிள்ளையின் எண்ணத்திற்கும் இடங்கொடார். இவ்வாறு மேலதிகாரி தனியே, ஆசிரியர் தனியே, மாணவன் தனியே நிற்கும் பள்ளியில் கல்வி உயிரற்றுப்போம் என்பது அம்மையார் கண்டது. 1905 முதல் நார்மல் பாடசாலைத் தலைவியாகவும், 1909 முதல் மேலதிகாரியாகவும் இருந்தபோது இக்கருத்தைச் செயலிற் காட்ட முயன்றார். ஆசிரியர் கூடித் தம் தொழிலைப் பற்றி ஆராய்ந்துரைக்கும் ஆசிரியர் அவைகளுக்கு உயிரூட்டினார். 1910இல் பாஸ்டன் நகரிற் கூடிய தேசியக் கல்விச் சங்கத்தில், நியமனக் குழுவினர் வேறொருவரைக் குறித்திருந்தும், ஆசிரியைகள் திரண்டு வாக்களித்து அவரைத் தலைவியாக்கினர். அச்சங்கத்திற்கு அவரே முதற் பெண் தலைவர்.

இனி நம் வழக்கிற்கு வருவோம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க இல்லங்களில் மேக நோய், வெட்டை நோய் என்ற சொற்களே வாயினின்று வாரா. பத்திரிகைகளும் எழுதா. ஆனால் மருத்துவர் அறிவர். மேக நோயின் கிருமியை 1905ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தனர். மறுவருடம் இரத்தச் சோதனை வகுத்தனர். 1910இல் ஓரளவு பயனளிக்கும் மருந்தும் வெளிவந்தது. நியூயார்க்கு நகரத்து மருத்துவர் பிரின்ஸ் மாரோ என்பார் 1905ஆம் ஆண்டிலே ஒரு சங்கம் நிறுவி, இந்நோய்கள் பரத்தையர் மனையோடு நில்லாமல் குற்றமற்ற மனைவியரையும் தொட்டிலிற் கிடக்கும் சிசுக்களையும் பற்றுகின்றன என்பதை எடுத்துரைத்து வந்தார். வெட்டை நோயுற்ற தாயிடம் பிறந்து கண்ணிழந்த குழந்தைகள் குருடர் பள்ளிகளில் இருந்தனர். கணவன் மணத்திற்கு முன் செய்த பிழையின் பயனைத் தான் அனுபவிக்கின்றாள் என்பதே அறியாமல் எத்தனையோ பெண்கள் மலடிகளாயினர். மருத்துவர் அறிந்திருந்தும் கணவனின் மானம் கருதி வாய்திறவார். இம்மௌனத்திற்கு நாகரிகம் என்று பெயர்.

சிக்காகோவிலோ இந்நிலை பின்னும் கொடிது. லெவி என்னும் பெயர் பெற்ற தெருக்களில் பரத்தைமை போலீசார் கண்முன்னரே வாணிபமாய் நடந்தது. 1910ஆம் ஆண்டில் நகரத் தலைவர் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். அதன் அறிக்கை 1911இல் வெளிவந்தது. தீமையை ஒழித்தற்குரிய வழிகளுள் இளைஞர்க்கு அறிவு கொடுத்தலையும் அக்குழுவினர் ஒன்றாகக் கூறினர். அவ்வறிக்கையையே ஆபாச நூல் என்று கூறித் தபால் இலாகா சிறிதுகாலம் தடுத்துவைத்தது! குருமாரும் நீதிபதிகளும் பேராசிரியர்களும் சேர்ந்து எழுதிய நூலுக்கு நேர்ந்த கதி இது. மறுவருடம் லெவியின் கதவுகள் அடைபட்டன. ஜேன் ஆடம்ஸ் அம்மையாரும் 1912இல் இப்பொருள் பற்றி ஒரு நூல் எழுதி, தொழிற்சாலைப் பெண்கள் அறியாமையால் எவ்வாறு வலையில் வீழ்கின்றனர் என்று விளக்கினார்.

யங் அம்மையார் இவற்றையெல்லாம் பார்த்திருந்தார். அரை நூற்றாண்டு பிள்ளைகளோடு பழகியவர் ஆதலின் ஒன்றை ஐயமற அறிவார்: பிள்ளை இதனைக் கற்கவே போகின்றான், கற்குமிடம் தெருவா பள்ளியா என்பதே கேள்வி. 1913ஆம் ஆண்டின் நடுவிலே தம் திட்டத்தைக் கல்விச் சபையின்முன் வைத்தார். உயர்தரப் பள்ளி மாணாக்கர்க்கு மும்மூன்று சொற்பொழிவுகள். பேசுவோர் மருத்துவர், ஆண் மருத்துவர் பையன்களுக்கும் பெண் மருத்துவர் பெண்பிள்ளைகளுக்குமாகத் தனித்தனி அறையில் பேசுவர். விரும்பாத பெற்றோரின் பிள்ளைகள் விலகியிருக்கலாம். பாலியற் கல்வி என்று பெயரிட்டாற் பலர் வெகுள்வர் என்று கருதித் தனி மனிதத் தூய்மை என்னும் பொருள்படும் பெயரைச் சூட்டினார். சபையார் இசைந்தனர். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் 20,000க்கு மேற்பட்ட மாணாக்கர் இச்சொற்பொழிவுகளைக் கேட்டனர்.

அவற்றில் இருந்தது யாது? முதற்பொழிவு உடற்கூற்றையும் உயிர்கள் இனம்பெருகும் முறையையும் பற்றியது. இரண்டாவது, பருவமெய்துங்கால் எழும் உணர்ச்சிகளையும் அவற்றை அடக்கியாளும் நெறியையும் பற்றியது. மூன்றாவது, நோய்களைப் பற்றியது. இக்காலத்தார் அவற்றைக் கேட்பின் இவ்வளவுதானா என்பர். எச்சரிக்கையே மிகுதி, விளக்கம் குறைவு. மணவாழ்வின் இன்பத்தைப் பற்றியோ அன்பைப் பற்றியோ சொல்லியதினும் நோயைப் பற்றிய அச்சமே ஓங்கி நின்றது. எனினும் தவளையின் முட்டையையும் பூவின் மகரந்தத்தையும் வரைந்து குறியிட்டு எழுதத் தயங்காத நாமே, மனிதனிடம் வரும்போது ஏட்டை மெல்ல மூடிவிடுகின்றோம். 1913ஆம் ஆண்டுச் சிக்காகோவை நகைத்தற்கு நமக்கு உரிமை சிறிதே.

எதிர்ப்பு விரைவில் எழுந்தது. எதிர்த்தோரை அறியாமையில் மூழ்கியோர் என்று தள்ளிவிடுவது இவ்வரலாற்றை எழுதுவோர் பலர் செய்யும் பிழை. சிக்காகோ மக்களுட் பெருந்தொகையினரான கத்தோலிக்க சபையினர் முன்னின்றனர். பிள்ளைக்கு இவ்வறிவு வேண்டா என்று அவர்கள் கூறவில்லை. அதனைக் கூறுதற்குரியார் தாய் தந்தையரும் ஞானகுருவுமே என்றனர். அரசாங்கப் பள்ளியில் மதபோதனைக்கு இடமில்லை. மதமின்றிக் கூறும் ஒழுக்கம் காவலற்ற வேலி. ஆகவே தனி அறிவைமட்டும் கொடுத்தல் அபாயம் என்பது அவர்கள் வாதம். ஹார்வர்டு சர்வகலாசாலையின் உளநூற் பேராசிரியர் மூன்ஸ்டர்பர்கு என்பார் வேறு வழியாக அம்முடிவுக்கே வந்தார். சொல் உள்ளத்திலே உருவத்தை எழுப்பும். உருவம் ஆசையை எழுப்பும். ஆபத்தை அறிதல் ஆசையை அடக்காது என்பது அவர் கொள்கை. பிலடெல்பியாவைச் சேர்ந்த கட்டுரையாசிரியை ஆக்னெஸ் ரெப்ளியர் 1914ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் எழுதிய கட்டுரையில், நாணம் என்னும் பழைய காவலை உலகம் கைவிடுகின்றதே என வருந்தினார்.

இவற்றுள் மூன்ஸ்டர்பர்கின் வாதத்தையே எம்மால் எளிதில் ஒதுக்க இயலவில்லை. நோயின் கொடுமையை நேரிற் காணும் மருத்துவ மாணவர், காணாத மற்றையோரினும் ஒழுக்கத்தில் உயர்ந்திருக்கின்றனரா என்று ஒருவர் வினவின், விடை கூறுதல் எளிதன்று. பெற்றோரின் உரிமையைப் பற்றிய வாதமோ கேட்க இனியது; ஆனால் அவ்வுரிமையை அவர்கள் பயன்படுத்தினரா? பயன்படுத்தியிருப்பின் விசாரணைக் குழுவிற்கே வேலை இராது. தாய் சொல்வாள் என்று குரு இருந்தார். குரு சொல்வார் என்று தாய் இருந்தாள். இருவருக்கும் முன்னே தெருவிலிருந்த பெரிய பையன் சொல்லிவிட்டான்.

இன்னுமொரு வேடிக்கை. அச்சொற்பொழிவுகளைக் கல்விச் சபையார் தம் நடவடிக்கைக் குறிப்பில் அச்சிட்டனர். ஆபாச நூல்களைத் தபாலில் அனுப்பலாகாது என 1873ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டம் இருந்தது. அதனை எடுத்துக்காட்டித் தபால் அதிகாரிகள் அக்குறிப்பை ஏற்க மறுத்தனர். இருபதினாயிரம் பிள்ளைகள் காதாற் கேட்டதை, அவர்தம் பெற்றோர் தபாலிற் பெற்றுப் படிக்க வழியில்லாது போயிற்று. பெற்றோரறியாமல் பிள்ளைகளுக்கு ஏதோ சொல்லுகின்றனர் என்ற பேச்சு இதனால் வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை.

அம்மையார்க்குச் சபையிலே வேறு பகைவரும் இருந்தனர். பாடப்புத்தகங்களைத் தெரிந்தெடுத்தலிலும், ஆசிரியர் ஊதியத்திலும், ஆசிரியைகளின் சங்கத்தை நடத்தும் முறையிலும் அவருக்கும் உறுப்பினர் சிலருக்கும் ஒத்துவரவில்லை. 1913 ஜூலையிலேயே அவர் விலக முற்பட, நகரத் தலைவர் கார்ட்டர் ஹாரிசன் தடுத்து நிறுத்தினார். டிசம்பர் 10ஆம் நாள் மேலதிகாரித் தேர்தல் வந்தது. முதல் வாக்கெடுப்பில் தமக்குப் போதிய வாக்குகள் இல்லை என்று கண்டதும் அம்மையார் தம் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவருக்கு உதவியாளராயிருந்த ஜான் ஷூப் என்பவரைச் சபையார் அமர்த்தினர். பாலியற் கல்வியே இதற்குக் காரணம் என்றும், அது வெறுஞ் சாக்கு என்றும் இருதிறத்தாரும் அன்றே வழக்கிட்டனர். இரண்டும் உண்மை போலும். பகை பழையது, கருவி புதியது.

சபையார் கணக்கிடாத ஒன்று இருந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேதான் இல்லினாய் மாகாணத்துப் பெண்கள் நகரத் தேர்தல்களில் வாக்குரிமை பெற்றிருந்தனர். வாக்கு கையிலிருக்கும் பெண்களின் கோபத்தைச் சிக்காகோ அரசியலார் அதுவரை கண்டதில்லை. ஜேன் ஆடம்ஸ் முதலிய மாதர் தலைவியர் முன்னிற்க, பெண்கள் பெருமண்டபத்திலே திரண்டனர். தாய்மாரும் ஆசிரியைகளும் கண்டனத் தீர்மானங்களை அனுப்பினர். ஹாரிசன் முன்யோசனையுள்ளவர். தாம் நியமித்த உறுப்பினர் சிலரிடம் நாள் குறியாத விலகற் கடிதங்களை முன்னரே எழுதி வாங்கி வைத்திருந்தார்! அவற்றை இப்போது எடுத்து, நாளிட்டு, ஏற்றுக்கொண்டார். காலியான இடங்களில் வேறு உறுப்பினர் அமர்ந்தனர். டிசம்பர் மாதம் முடியுமுன்னே யங் அம்மையார் மீண்டும் மேலதிகாரி ஆனார். நல்லவரைக் காத்தற்காயினும் இத்தகைய தந்திரம் நேரியதாகுமா என்று கேட்போர்க்கு யாம் மறுமொழி கூறமாட்டோம்.

அம்மையார் மீண்டார்; சொற்பொழிவுகள் மீளவில்லை. அந்த ஓர் இலையுதிர் காலத்தோடு அவை நின்றுபோயின. மண்டபத்திலே கூடிய பெண்கள் யங் அம்மையாருக்காகக் கூடினரேயன்றி, அவர் திட்டத்திற்காகக் கூடினார் அல்லர். அவரும் அதன்பொருட்டு மற்றொரு போர் தொடுக்கவில்லை. அவர்க்கு அப்போது 69 வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

இத்திட்டம் ஏன் வேரூன்றவில்லை என்று ஆராய்வோர் சமயத்தாரையும் அரசியலாரையும் தபால் இலாகாவையும் காட்டுவர். எமக்கோ அம்மையாரின் ஆராய்ச்சி நூலே விடை கூறுவதாகத் தோன்றுகின்றது. பள்ளியில் எண்ணுவோர் வேறு, செய்வோர் வேறாக இருத்தலாகாது என்று வாழ்நாள் முழுதும் கூறியவர், மிக நுண்ணிய இந்த ஒரு பாடத்தைமட்டும் பள்ளிக்கு அயலாரிடம் ஒப்படைத்தார். மருத்துவர் வந்தனர்; மும்முறை பேசினர்; போயினர். மறுநாள் ஒரு பையன் மனத்தில் ஐயம் எழுந்தால் யாரிடம் கேட்பான்? வகுப்பாசிரியர் அப்பேச்சில் பங்குகொண்டவர் அல்லர். கேட்டால் முகஞ் சிவப்பார். வீட்டிலே கேட்டால், பள்ளியில் இதைத்தானா கற்பிக்கின்றனர் என்று தந்தை சீறுவார். தனிமையை ஒழிக்கப் பிறந்த கல்வி, தானே தனிமையில் நின்றது.

இதனை அம்மையார் உணராமல் இருந்திரார். ஆசிரியைகளுட் பலர் மணமாகாத இளம்பெண்கள். இப்பாடத்தில் எவ்விதப் பயிற்சியும் பெறாதவர். அவர்கள் வாயினின்று இச்சொற்கள் வந்தால் ஊரார் அவர்களையே முதலில் பழிப்பர். தம் ஆசிரியைகளை அப்பழியினின்று காத்தற்கே மருத்துவரை அழைத்தார் என்று கொள்ளுதல் தகும். அன்றியும், அந்நாளில் பிள்ளைகளுட் பெரும்பாலோர் 14 வயதோடு பள்ளியை விட்டுத் தொழிற்சாலை புகுவர்; உயர்தரப் பள்ளிவரை வருவோர் சிறுதொகையினர். எவர்க்கு இவ்வறிவு மிகவும் வேண்டுமோ அவர் அம்மூன்று சொற்பொழிவுகளையும் கேளாமலே போயினர்.

விதை முற்றும் அழிந்துபோகவில்லை. மருத்துவரை வரவழைத்து நோயைப் பற்றித் தனியே பேசுவிக்கும் முறையைச் சீர்திருத்தக்காரர் மெல்லக் கைவிட்டு, உடல் நூல், உயிர் நூல் முதலிய பாடங்களோடு கலந்து ஆசிரியரே கற்பிக்கும் முறையை நாடினர். 1920ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொதுச் சுகாதார இலாகாவினர் உயர்தரப் பள்ளிகளுக்கு எழுதிக் கேட்டபோது, விடையளித்த பள்ளிகளுள் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு ஏதோ ஒரு வகையில் இதனைக் கற்பிப்பதாகக் கூறின. சிக்காகோவில் கூச்சலெழுப்பியது அங்கெல்லாம் ஓசையின்றி நுழைந்தது.

1915ஆம் ஆண்டின் முடிவில் அம்மையார் தாமே ஓய்வு பெற்றார். ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் மாடு மேய்க்கும் பிள்ளைகளோடு தொடங்கிய ஊழியம் அது. அவர்க்குப்பின் அவ்விடத்தில் அமர்ந்தவர் முன்கூறிய ஷூப். அம்மையார் நெடுங்காலம் தம்மோடு வாழ்ந்த லாரா பிரேட்டன் என்னும் தோழியாருடன் ஓய்வு நாட்களைக் கழிக்கக் கருதினார். ஐரோப்பியப் போர் அதற்கு இடந்தரவில்லை. 1917ஆம் ஆண்டில் அமெரிக்கா போரிற் புகுந்தபின், போர்க்கடன் திரட்டும் மாதர் குழுவில் உறுப்பினராகி ஊர் ஊராகச் சென்று பேசினார்.

அப்போர்தான் பழைய வழக்கையும் மீட்டும் எழுப்பியது. படையிற் சேர்ந்த இளைஞருள் எத்தனையோ பேர் மேக நோய் உடையவராய் இருந்ததைக் கண்டு அரசாங்கமே திடுக்கிட்டது. 1918ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வாஷிங்டனிற் கூடிய காங்கிரசு இந்நோய்களைத் தடுத்தற்குச் சட்டம் இயற்றி, அதற்காகப் பொதுப்பணம் ஒதுக்கியது. அப்பணத்தில் ஒரு பகுதி சர்வகலாசாலைகளுக்கும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளுக்கும் செல்லவேண்டும் என்பது ஏற்பாடு. ஆசிரியரைப் பயிற்றுதல் என்னும் செயல், ஐந்தாண்டுகளுக்கு முன் சிக்காகோவில் விடுபட்டது, இவ்வாறு வேறொருவர் கையால் தொடங்கிற்று.

அம்மையார் அதன் பயனைப் பார்க்கவில்லை. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் விஷக்காய்ச்சல் உலகெங்கும் பரவியது. கடன்பத்திரச் சொற்பொழிவுகளுக்காகச் சுற்றிக்கொண்டிருந்த அவரையும் அது பற்றிற்று. 1918ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 26ஆம் நாள், தம் 73ஆம் வயதில், வாஷிங்டன் நகரில் அவர் உயிர் நீத்தார். போர் முடிவதற்குப் பதினாறு நாட்களே இருந்தன. அவருடலைச் சிக்காகோவுக்குக் கொணர்ந்து ரோஸ்ஹில் இடுகாட்டில் அடக்கம் செய்தனர்.